ஒரு முழம் குடல்

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு காகிதம். ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகி, ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த நிழலைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது ஒண்ணுதான் தெரியுது. வெட்டி எடுக்க வழியிருக்கு. ஆனா மூணரை வருஷத்துக்கு முன்னாடி குடல்ல ஆபரேஷன் பண்ணினாங்கள்ல, எடுத்த குடலை லேபுல பாத்து ரிப்போர்ட் குடுத்திருப்பாங்க. அது வேணும்."

"இருக்கு டாக்டர். வீட்ல பெட்டியில பத்திரமா இருக்கு. இவதான் வச்சிருக்கா" என்று குழந்தைராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார்.

செபஸ்தியம்மாள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையை அப்போதே யாராவது திருகிப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று, திரும்பி வரும் ரயிலில் தஞ்சாவூர் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தாள். பெட்டியில் காகிதம் இல்லை. எந்த லேபும் அப்படியொரு காகிதத்தை எழுதவே இல்லை. பார்த்து எழுத வேண்டிய ஒரு முழம் குடல் இன்னாசிப்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டடி ஆழத்தில் கிடந்தது. கொண்டுபோய்ப் புதைத்தவள் அவளேதான்.

டாக்டரம்மா பொறுமையானவர். அன்று ஆஸ்பத்திரியில் சம்சாரிகளுக்கு விளங்கும்படி சொன்னார். "ஈரலை எல்லாருக்கும் வெட்டிட முடியாதும்மா. அது பெரிய ஆபரேஷன். குடலோட சேத்து எத்தனை நெறிக்கட்டு எடுத்தாங்க, அதுல எத்தனைல நோய் இருந்துச்சு, வெட்டின ஓரம் சுத்தமா இருந்துச்சா, எல்லாம் அந்தக் காகிதத்துல இருக்கும். நெறிக்கட்டு சுத்தமா இருந்தவங்களுக்கு ஈரலை வெட்டினா பலன் உண்டு. நெறிக்கட்டு பூரா பரவியிருந்துச்சுன்னா வெட்டுறது வீண் வேதனை. இருபதாம் தேதி டாக்டருங்க எல்லாரும் உக்காந்து முடிவு பண்ணுவோம். அதுக்குள்ள கொண்டாந்துருங்க."

பிறகு எதையோ நினைத்துக்கொண்டு கேட்டார். "அந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு மருந்து ஏத்தணும்னு சொல்லலியா?"

"இல்லைங்க. ரிப்போர்ட் நல்லாருக்கு, மருந்தெல்லாம் வேணாம்னுட்டாங்க" என்றார் குழந்தைராஜ்.

"நல்லாருந்துச்சா?" என்று டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கி மறுபடியும் படத்தைப் பார்த்தார். நெறிக்கட்டில் இருந்திருந்தால் அப்போதே மருந்து ஏற்றியிருப்பார்கள் என்பது அந்த நிமிஷம்தான் செபஸ்தியம்மாளுக்கு உறைத்தது. அதுவரை அந்தக் காகிதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கணக்குக்காக வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு ரசீது என்றே அவள் நினைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். குழந்தைராஜுக்குக் குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் பன்னிரண்டு மா குத்தகை நிலம். மனுஷன் விடியுமுன் மண்வெட்டியைத் தோளில் போட்டால் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவார். வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது என்று ஒருநாள் சொன்னார். மூலம் என்றார்கள். துத்தி இலையை வதக்கியும் கருணைக்கிழங்கை மசித்தும் ஆறு மாதம் தின்று தீர்த்தார். கடைசியில் வயிறு உப்பி, தண்ணீர்கூட இறங்காமல் தஞ்சாவூரில் ஒரு நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ப் போட்டபோதுதான் குடலில் கட்டி என்று தெரிந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் அது. ஒரே மகன் கிளமென்ட் குவைத்துக்கு விசா வந்து போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் செபஸ்தியம்மாள் தனியாகத்தான் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "பாத்துக்குங்க, எடுத்தாச்சு." பின்னாலேயே சர்ஜன் முகக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். "சுத்தமா எடுத்தாச்சும்மா. அஞ்சு வருஷம் தாண்டிட்டார்னா அப்புறம் கவலையே இல்ல." அவ்வளவுதான், அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விட்டார். ஆயா அதை வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கண்ணைக் கரிக்கும் மருந்துத் தண்ணீரை ஊற்றி மூடி அவள் கையிலேயே கொடுத்தாள். ஆஸ்பத்திரி ரோட்டில் இருக்கும் லேபில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒயர் கூடையில் டப்பாவை வைத்துக்கொண்டு அவள் லேபுக்குப் போனாள். போகத்தான் செய்தாள். அங்கே தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் நோட்டில் பேர் எழுதக் குனிந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டாள்.

"இத என்னங்க பண்ணுவீங்க?"

"துண்டு துண்டா சீவி கண்ணாடியில வச்சுப் பாப்போம்."

"மிச்சம்?"

"மிச்சத்த என்னம்மா பண்றது? குப்பையோட போட்டு எரிச்சிருவாங்க."

செபஸ்தியம்மாளின் மாமனார் சந்தியாகு ஒற்றைக் காலோடு இருபது வருஷம் வாழ்ந்தவர். ரைஸ் மில் பெல்ட்டில் சிக்கி வெட்டி எடுத்த காலை வீட்டார் பெட்டி செய்து, கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் குழிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். இன்னாசிப்பட்டியில் அதுதான் வழக்கம். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது உடம்போடு எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கிறவனுக்கு அவன் உறுப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க வேண்டும். அந்தக் கிழவர் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கட்டையை ஊன்றி வந்து, "என் காலுக்கு ஒரு வத்தி" என்று தன் காலுக்கே மெழுகுவர்த்தி கொளுத்துவார். ஊரே சிரிக்கும். சிரித்தாலும் யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

இப்படியொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், புருஷனின் குடலைக் குப்பையோடு எரிப்பேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வாள்? கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சர்ஜன்தான் சுத்தமாக எடுத்தாயிற்று என்று வாயால் சொல்லிவிட்டாரே, அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவள் நியாயம். பக்கத்துச் சீட்டுக்காரி, "என்னக்கா கூடையில? கண்ணு எரியுது" என்று மூக்கைப் பொத்தினாள். "பூச்சி மருந்து" என்று சொல்லி மடியில் இறுக்கிக்கொண்டாள்.

ஊர்ச் சர்ச்சில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை தைனேஸ்தான் குழி வெட்டியவர். "சாமியாருக்கு ஒரு வார்த்த சொல்லிரலாம்க்கா" என்று தயங்கினார்.

"மாமாவோட காலப் பொதைச்சப்ப சாமியாரா வந்து நின்னாரு? வெட்டு தம்பி. அவரு அங்க மயக்கத்துல கெடக்காரு, நான் போவணும்."

மருந்துத் தண்ணீரை வேலியோரம் கொட்டிவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் அதைக் கழுவி, புதுத் துணியில் சுற்றி வைத்தாள். ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம். பொழுது சாய்வதற்குள் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனபோது சர்ஜன் கேட்டார். "லேப் ரிப்போர்ட் வந்துச்சா?"

"நல்லாருக்குன்னு சொன்னாங்கய்யா. காயிதம் வீட்ல இருக்கு" என்றாள் செபஸ்தியம்மாள்.

"அடுத்த தடவ எடுத்துட்டு வாங்க" என்று அவர் ஏதோ ஒரு வரி கிறுக்கினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அடுத்த தடவை அவரும் கேட்கவில்லை, இவளும் வாயைத் திறக்கவில்லை. மருந்து வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். குழந்தைராஜ் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "மாதா கண்ணத் தொறந்துட்டா செபஸ்தி" என்றார். அவள் ஆமாம் என்றாள்.

அவரும் நன்றாகத்தான் இருந்தார். ஆறே மாதத்தில் வயலில் இறங்கினார். விரால் மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அஞ்சு வருஷம் என்று சர்ஜன் சொன்னதை அவள் சம்பா அறுப்பாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு அறுப்பு, இரண்டு, மூன்று. நாலாவதுக்கு நாற்று விட்டிருந்த சமயத்தில்தான் மனுஷனுக்கு விலாவுக்குக் கீழே குத்தல் எடுத்தது, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாளே குழந்தைராஜ் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். ஞானஸ்நானச் சீட்டு, ரேஷன் கார்டு, கிளமென்டின் ஐ.டி.ஐ. சான்றிதழ், எப்போதோ செத்துப்போன பசுமாட்டின் இன்சூரன்ஸ் காகிதம் வரைக்கும் இருந்தது.

"செத்த மாட்டுக் காயிதத்த வச்சிருக்கிறவ, உசுரோட இருக்கிற புருசன் காயிதத்த எங்கடி வச்ச?"

"எலி கிலி இழுத்துருக்குமோ என்னமோங்க."

"எலிக்கு இந்த ஒரு காயிதந்தான் ருசியா இருந்துச்சாக்கும்!" என்று சிரித்தார். சிரித்தவர் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இன்னும் சந்தேகப்படவே இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

வெள்ளிக்கிழமை கிளமென்ட் கூப்பிட்டான். குவைத்தில் வெள்ளிதான் லீவு. அஹமது கபீரின் எஸ்.டி.டி. பூத்தில் பத்து மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அன்று அவருக்கு முடியாததால் அவள் மட்டும் போயிருந்தாள்.

"அம்மா, அந்த ரிப்போர்ட்ட கபீர் பாய்ட்ட குடு, ஃபேக்ஸ் அடிப்பாரு. இங்க கம்பெனி கிளினிக்ல கேரளாக்காரர் ஒரு டாக்டர் இருக்காரு. அதப் பாத்தா அப்பாவுக்கு எப்படின்னு சொல்லிடுறேங்கறாரு."

"தேடிக்கிட்டிருக்கேம்ப்பா."

"என்னம்மா தேடுற? வெளாட்டுக் காரியமா இது? இருபதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

பத்து நாள். திங்கட்கிழமை, பூண்டி மாதா கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள்.

சர்ஜன் பழைய நோட்டை வரவழைத்துப் பார்த்தார். குழந்தைராஜின் ஆபரேஷனைப் பற்றி இரண்டே வரி இருந்தது. கீழே, ரிப்போர்ட் சரியாக இருப்பதாக நோயாளி தரப்பில் சொன்னார்கள் என்று ஒரு வரி.

"அய்யா, எத்தன நெறிக்கட்டு எடுத்தீங்க? அதுல நோய் இருந்துச்சா? நீங்கதான கையால எடுத்தீங்க. ஒரு சீட்டுல எழுதிக் குடுங்கய்யா."

"கைக்குத் தட்டுப்பட்டதெல்லாம் எடுத்தேம்மா. அதுல நோய் இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. லேபுதான் சொல்லணும். அதுதான் நார்மல்னு நீங்களே சொன்னீங்களே!"

"நீங்க காயிதத்தக் காட்டுன்னு கேட்டிருக்கலாமேய்யா."

அவர் முகம் சிறுத்துப் போனது. "உங்க வார்த்தைய நம்பித்தாம்மா எழுதினேன்" என்று நோட்டை மூடினார். நம்பினாராம்! ஒரு உயிர் சம்பந்தப்பட்ட காகிதம், படித்த மனுஷன் கண்ணால் பார்க்காமல் எப்படி நம்பினார் என்று கேட்க அவள் நாக்குத் துடித்தது. கேட்கிற யோக்கியதை தனக்கு ஏது என்று வெளியே வந்துவிட்டாள்.

லேபில் அதே தடித்த கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். தலைமட்டும் வெளுத்திருந்தது. எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். திட்டுவார், சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேரு இப்படி வந்து நிக்கிறீங்கம்மா. பொதைச்சவங்க உண்டு. வேதாரண்யத்துலேருந்து வந்த ஒருத்தர் கடல்ல விட்டுட்டு வந்து நின்னாரு. டப்பாவோடயா பொதைச்சீங்க?"

"ஏங்க?"

"அந்த மருந்துத் தண்ணியோட மூடி இருந்துச்சுன்னா இப்பக்கூட எடுத்துப் பாக்கலாம்."

தன் கையாலேயே கொட்டி, தன் கையாலேயே கழுவி அல்லவா வைத்தாள்! "கொட்டிட்டேங்க" என்றாள்.

"அப்ப மண்ணுதான்மா இருக்கும்."

"ஒரு காயிதம் மட்டும் எழுதிக் குடுங்களேன். நல்லாருக்குன்னு போட்டு எழுதிக் குடுங்களேன். அத வச்சு ஈரலை வெட்டி எடுத்துருவாங்க, அவரு பொழச்சுக்குவாரு" என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பொய்க் காயிதத்த நம்பிக் கத்திய வச்சு, அவரு டேபிள்லயே போயிட்டார்னா? அந்தப் பாவத்த நான் எங்கம்மா கொண்டுபோய்ப் பொதைப்பேன்?" என்றார் அவர்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பவே பாத்திருந்தா, மருந்து ஏத்தியிருந்தா, இது வராம இருந்திருக்குமாங்க?"

"நெறிக்கட்டுல இருந்திருந்தாத்தான் மருந்து. இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்ப நீங்க குடுத்திருந்தாலும் மருந்து ஏத்தியிருக்க மாட்டாங்க. மருந்து ஏத்தினவங்களுக்கும் திரும்பி வர்றது உண்டு. எதுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா."

புருஷனைத் தான் கொன்றோமா இல்லையா என்பது இனி சாகும்வரைக்கும் தனக்குத் தெரியப்போவதில்லை என்று பஸ்ஸில் வரும்போது செபஸ்தியம்மாளுக்குப் புரிந்தது. கொன்றாய் என்று யாராவது சொல்லிவிட்டால்கூடத் தேவலை போலிருந்தது.

புதன்கிழமை நாற்றுப் பறி. மேட்டூர்த் தண்ணீரை முறை வைத்து விட்டிருந்தார்கள், ஆறு நாள் வரும், ஆறு நாள் வராது. அதற்குள் நட்டாக வேண்டும். மேற்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது. ஆட்கள் நாற்றங்காலில் குனிந்து பறித்து, வேரில் சேற்றை அலசி, முடி முடியாகக் கட்டி வீசிக்கொண்டிருந்தார்கள். எந்த வருஷமும் அவர்களோடு சேறாகிக் கிடக்கும் குழந்தைராஜ், இந்த வருஷம் துண்டை விரித்து வரப்பில் உட்கார்ந்து சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். "ஏய் சிங்காரவேலு, வேர அறுக்காமப் பறிடா! ஒன் வயலா இருந்தா இப்படிப் பிடுங்குவியா?"

"நீங்க எறங்கிப் பறிச்சுக் காட்டுங்கண்ணே, பாப்போம்" என்றான் சிங்காரவேலு. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மத்தியானம் ஆட்கள் கரையேறிப் பழைய சோற்றுக்கும் நெத்திலிக் குழம்புக்கும் உட்கார்ந்தார்கள். செபஸ்தியம்மாள் புருஷனுக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க. அந்தக் காயிதம் கெடைக்காதுங்க."

"தொலைச்சிட்டியா? சரி விடு, லேபுல போயி நகல் கேப்போம்."

"தொலைக்கல. லேபுல குடுக்கவே இல்ல."

அவர் கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்தார். "குடுக்கலன்னா? அந்தக் குடல என்ன பண்ணின?"

"மாமாவோட காலுக்குப் பக்கத்துல பொதைச்சுட்டேன்."

குழந்தைராஜ் அவளையே பார்த்தார். பிறகு கேட்டது வேறொன்று. "கல்லறைத் திருநாளுக்கு ஒரு வத்தி கூடுதலா கொளுத்துவியே. யாருக்குடின்னு கேட்டா, பேர் தெரியாத ஆத்துமாவுக்குன்னு சொல்லுவியே. அது எனக்கா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உசுரோட இருக்கிறவனுக்கு வத்தி கொளுத்தியிருக்கியேடி!" வரப்புமண்ணை ஒரு கை அள்ளி அவள் மேலேயே எறிந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒன்ன யாரு பொதைக்கச் சொன்னா? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்க மயக்கத்துல கெடந்தீங்க."

"அதுக்கப்புறம்? மூணரை வருஷம் முழிச்சுக்கிட்டுத்தானடி இருந்தேன்!"

"பயமா இருந்துச்சுங்க. அப்புறம் நீங்க நல்லாயிட்டீங்க. வயலுக்குப் போறீங்க, வர்றீங்க, சிரிக்கிறீங்க. நல்லா இருக்கிறவர்ட்ட போயி எப்படிங்க சொல்லுவேன்? எரிச்சிருவோம்னான். உங்க உடம்ப குப்பையில போட்டு எரிச்சிருவோம்னான்."

"எரிச்சா எரிச்சுட்டுப் போறான். கடைசி நாள்ல முழுசா எந்திரிக்கிறது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி இருக்கிற நாள எனக்கு யாருடி குடுப்பா?"

மண் ஒட்டிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு மறுபடி நாற்றங்காலில் இறங்கினார்கள். அவளும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். பொழுது போகும்வரை நிமிரவில்லை.

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை, தானே பானையிலிருந்து போட்டுத் தின்றார். அந்த வெள்ளிக்கிழமை பூத்துக்கும் யாரும் போகவில்லை. மறுநாள் காலையில் அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"தைனேஸ் தம்பிக்கு. இப்ப லேப்காரருக்கு."

"நம்ம பயலுக்கு?"

"இல்லைங்க."

"ம்" என்று போய்விட்டார்.

இருபதாம் தேதி சென்னையில் டாக்டரம்மாவிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கழுவினதைக்கூடச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் டாக்டர்கள் கூட்டத்துக்கு எழுந்து போனார். கூட்டம் முடிந்து மத்தியானம் வந்தவர், "ஊகத்துல ஈரலை வெட்ட முடியாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்கம்மா. மாசாமாசம் அஞ்சு நாள் மருந்து ஏத்துவோம். ஆறு மாசம் பாப்போம். நல்லா சுருங்குச்சுன்னா மறுபடி பேசலாம்" என்றார்.

"சுருங்குமாங்க?" என்றார் குழந்தைராஜ்.

"கொஞ்சப் பேருக்குச் சுருங்கும்."

"மத்தவங்களுக்கு?"

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அஞ்சு நாள் மருந்து முடிந்து ஊர் திரும்பிய பின் வந்த வெள்ளிக்கிழமை இருவரும் கபீர் பூத்துக்குப் போனார்கள். முதல் மருந்து ஏற்றியதில் அவருக்கு வாயெல்லாம் புண். நூறடிக்கு ஒருதரம் நின்று நின்று நடந்தார். செபஸ்தியம்மாள் வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். அவனிடமும் சொல்லிவிட வேண்டும். அவன் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரமெல்லாம் பேசமாட்டான், அடுத்த வருஷமும் பேசாமல் போகட்டும், அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். போன் மணி அடித்ததும் அவள் எழுந்தாள். அதற்குள் குழந்தைராஜ் கையை நீட்டி எடுத்துவிட்டார்.

"ஆமாப்பா, போயிட்டு வந்துட்டோம். ஆபரேஷன் இல்லன்னுட்டாங்க. மருந்துதான்... காயிதமா? அது நான்தாம்ப்பா தொலைச்சேன். அன்னைக்கு லேபுல வாங்கி சட்டப் பையில வச்சேன். பஸ்ல எங்கயோ விழுந்துருச்சு. அம்மாட்ட பெட்டியில வச்சுட்டேன்னு பொய் சொல்லிட்டேன். அவளுக்கே இப்பத்தான் தெரியும்."

செபஸ்தியம்மாள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் திரும்பவில்லை. ரிசீவரைத் தாண்டி கிளமென்டின் சத்தம் பூத்து முழுக்கக் கேட்டது. கபீர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"ஒரு காயிதத்தப் பாத்துக்கத் துப்பில்லையாப்பா உங்களுக்கு? நான் இங்க மொட்ட மாடியில ஏ.சி. மாட்டிக்கிட்டுக் கெடக்கேன், யாருக்காக? உங்க உசுரு உங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?"

"ஆமாடா. துப்பில்லதான்" என்றார் குழந்தைராஜ். புண்ணான வாயால் அதையே இரண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கம் கத்தல் நின்று அழுகை கேட்டது. அவர் ரிசீவரை மனைவியின் கையில் வைத்து, வைத்த கையை அப்படியே இறுகப் பிடித்துக்கொண்டார். கையில் எலும்புதான் இருந்தது, ஆனாலும் பிடி பிடிதான். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அம்மா..." என்றான் கிளமென்ட்.

"சொல்லுப்பா."

"நீ பக்கத்துலதான இருந்த? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அந்தக் காயிதத்தக் காட்டுங்கன்னு வாங்கிப் பாத்திருக்கக் கூடாதா?"

அடுக்கி வைத்ததைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குழந்தைராஜின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இன்னும் அழுந்தின.

"இனிமே அவர்ட்ட எதையும் குடுக்காதம்மா. மருந்துச் சீட்டு, ஸ்கேனு, எல்லாத்தையும் நீயே வச்சுக்க. அப்பாவ நம்ப முடியாது. ஒன்ன ஒருத்திய நம்பித்தான் நான் இங்க இருக்கேன். கேக்குதா?"

"கேக்குதுப்பா" என்றாள் செபஸ்தியம்மாள்.